சளியில் டிபி இல்லை என்றால்?

நேயர்களுக்கு வணக்கம். நுரையீரல் புற்றுநோய் என்றதும், புகைக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைப்பீர்கள். புகைப்பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை 1950-லேயே ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை விசாரித்து எழுதிவிட்டார்கள். இப்போது சிகரெட் பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

நம் ஊரில் இந்த நோய் டிபிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இரண்டிலும் விடாத இருமல், உடம்பு இளைப்பது, சளியில் ரத்தம். எக்ஸ்ரேயிலும் இரண்டும் வெள்ளைத் திட்டாகத் தெரியலாம். டிபி இங்கே அதிகம் என்பதால் முதலில் அதைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் சளியில் கிருமி தெரியாமல், படத்தை மட்டும் நம்பி மாத்திரை தொடங்கினால், ஆறு மாதக் கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்தில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டு அப்படியே இருந்தாலோ வளர்ந்திருந்தாலோ, சி.டி. ஸ்கேன், பயாப்ஸி பற்றிக் கேளுங்கள். அதற்காக டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும்.

"ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிடும்னு சொல்றாங்களே, டாக்டர்?" பயாப்ஸி என்றாலே வரும் கேள்வி இது. அப்படிப் பரவுவது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தில் நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து. சதைத் துணுக்கைப் பார்க்காமல் எந்த வகைப் புற்று என்றே சொல்ல முடியாது. வகை தெரியாமல் மருந்தும் இல்லை. பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களில் பலரின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அதற்கு ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் என்று மாத்திரைகள் இருக்கின்றன. பரவிய நோயை அவை வேரோடு போக்காது. ஆனால் பலருக்கு நோய் அடங்கி, வேலைக்குப் போகும் அளவு தெம்பு வருகிறது.

அப்புறம், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். நுரையீரலுக்குள் வலி தெரியாது. கட்டி வெளி உறையைத் தொட்டால்தான் குத்தும். குரல் கம்மி மூன்று வாரமாகியும் தெளியவில்லை என்றால் தொண்டையோடு நெஞ்சையும் பார்க்க வேண்டும். குரல்நாணுக்கு வரும் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கித்தான் மேலே ஏறுகிறது. வழியில் கட்டி அழுத்தினால் குரல் போகும்.