எபியூசியோஸ்: தினமும் சொல்ற ஜெபத்துல இருக்கற ஒரு புதிர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துக்கலாம்னு வந்திருக்கேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"னு பரமண்டல ஜெபத்துல சொல்றோம்ல, அந்த "வேண்டிய"ங்கற எடத்துல கிரேக்கத்துல இருக்கறது எபியூசியோஸ்ங்கற சொல். மத்தேயு 6:11, லூக்கா 11:3, இந்த ரெண்டு எடம் தவிர பைபிள்ல வேற எங்கயும் வராது. சரி, பைபிளுக்கு வெளிய பாத்துக்கலாம்னா, இதே ஜெபத்த எடுத்துச் சொல்ற எழுத்துகள தவிர, அங்கயும் இது இருக்குன்னு நிச்சயமா சொல்ற மாதிரி ஒரு எடமும் இல்ல.

இது இன்னிக்கு நேத்து வந்த கஷ்டம் கிடையாதுங்க. 3ஆம் நூற்றாண்டுல ஓரிஜன்னு ஒருத்தர், அலெக்சாந்திரியாக்காரர், கிரேக்கத்துலயே பேசி கிரேக்கத்துலயே எழுதினவர், அவரே ஜெபத்த பத்தி எழுதின நூல்ல சொல்றாரு, இந்த சொல்ல படிச்சவங்களும் எழுதல, ஜனங்க பேச்சுலயும் இல்ல, சுவிசேஷம் எழுதினவங்களே உண்டாக்கினது மாதிரி தெரியுதுன்னு. அவருக்கே அப்படின்னா, இன்னிக்கு மேடையில நின்னு "கிரேக்கத்துல இதுக்கு அர்த்தம் என்னன்னா பிரியமானவர்களே"ன்னு ஒரே போடா போடறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் சிரிப்பு வரும்.

பைபிள லத்தீனுக்கு கொண்டுவந்த அறிஞர் ஜெரோம் என்ன பண்ணாருன்னு பாருங்க, அதான் இதுல பெரிய வேடிக்கை. 380கள்ல லத்தீன் சுவிசேஷங்கள திருத்தும்போது, லூக்காவுல "தினசரி அப்பம்"னு விட்டுட்டாரு, மத்தேயுல அதே சொல்லுக்கு "சூப்பர்சப்ஸ்டான்ஷியாலெம்"னு போட்டுட்டாரு, அதாவது எல்லா பொருளுக்கும் மேலான அப்பம். ஒரே சொல்லு, ஒரே மனுஷன், ரெண்டு அர்த்தம்! எபி, ஊசியான்னு பிரிச்சா எபிங்கறது "மேல", ஊசியாங்கறது "இருப்பு, சாரம்", அதுலேர்ந்து வந்த அர்த்தம் அது. நற்கருணை அப்பம்தான் இதுன்னு சொல்றவங்களுக்கு இது ரொம்ப வசதியா போச்சு. ஆனா லத்தீன்ல ஜெபம் பண்ண ஜனங்க என்னமோ கடைசி வரைக்கும் "தினசரி"தான் சொன்னாங்க.

நடுவுல விடை கெடச்ச மாதிரியும் ஆச்சு. எகிப்துல ஹவாராங்கற எடத்துல ஃபிளிண்டர்ஸ் பெட்ரிங்கற தொல்லியல் அறிஞர் தோண்டினப்ப பாப்பிரஸ் தாள்கள் கெடச்சுது, அதுல ஒண்ணு யாரோ வீட்டு செலவுக் கணக்கு. 1889ல அத வெளியிட்ட சேய்ஸ்ங்கற அறிஞர் ஒரு வரியில இந்த சொல்லோட ஆரம்ப எழுத்துங்க இருக்குன்னு படிச்சாரு. அவ்வளவுதான், அப்போ இது அன்னாட படிய குறிக்கற சாதாரண வார்த்தைதான்னு அகராதிக்காரங்க எழுதிட்டாங்க. அப்புறம் சரிபாக்கலாம்னா தாளக் காணோம், பல வருஷமா காணோம்! கடைசில 1998ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல அது இருக்கறது தெரிஞ்சு எடுத்து படிச்சா, அங்க எழுதியிருந்தது "எலாயு". எண்ணெய். எண்ணெய் வாங்கின கணக்குங்க அது.

சரி, என் பக்கம் எதுன்னு கேப்பீங்க. அப்போஸ்தலர் 16:11ல பவுல் துரோவாவுல கப்பல் ஏறி "மறுநாளிலே" நெயாப்போலிக்கு போனாருன்னு இருக்குல்ல, அந்த "மறுநாள்" கிரேக்கத்துல எபியூசா, வரப்போற நாள். எபியூசியோஸ் இதுலேர்ந்து வந்துச்சுன்னா "அடுத்த நாளுக்கான அப்பம்"னு ஆகுது. பைபிள்ல சேராத எபிரெயர் சுவிசேஷம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல இந்த எடத்துல "மாஹார்", அதாவது நாளைக்குனு இருந்துச்சுன்னு ஜெரோமே மத்தேயு விளக்கவுரைல எழுதி வெச்சிருக்காரு. எனக்கு இதுதான் மனசுக்கு படுது.

உடனே கேப்பாங்க, ஜெபம் வர்ற அதே மத்தேயு 6ல 34ஆம் வசனத்துல நாளைக்காக கவலைப்படாதேன்னு சொல்லிட்டு, இங்க நாளைக்கு சோறு கேக்க சொல்வாரான்னு. ஆனா யாரு கேக்கறாங்கன்னு யோசிங்க. மத்தேயு 20ல சந்தையில வேலைக்கு நிக்கறவங்க வர்றாங்களே, ஒரு நாளைக்கு ஒரு பணம் கூலின்னு பேசி, சாயந்தரம் கைல வாங்கறவங்க. அவங்க ராத்திரி படுக்கும்போது "அடுத்த நாளுக்கு"ன்னா நாளைக்கு, விடியக்காலைல எந்திரிச்சு சொன்னா அந்த "வரப்போற நாள்" இன்னிக்குதான். அந்த ஒரு நாளுக்கு மேல அவங்க கேக்கல. கவலைய எங்க எறக்கி வெக்கணும்னு தெரியாதவன்தான் கவலைப்படுவான், கேட்டுட்டவன் தூங்கிடுவான். யாத்திராகமம் 16ல வனாந்தரத்துல தேவன் தந்த மன்னாங்கற ஆகாரமும் அப்படித்தான் வந்துச்சு, மறுநாளைக்குன்னு எடுத்து வெச்சது புழுத்து நாறிப்போச்சு, ஆனா ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் ரெண்டு மடங்கு, அது கெடல.

நம்ம தமிழ் பைபிள்ல இருக்கற "வேண்டிய" தப்பான்னா, இல்லங்க. சிரியாக் மொழி பெஷித்தாவுலயும் "எங்க தேவைக்கான அப்பம்"னுதான் இருக்கு, அதுவும் ரொம்ப பழைய பைபிள். அப்புறம் லூக்காவுல "அன்றன்று"ன்னு தனியா ஒரு சொல் இருக்கே, அது எபியூசியோஸ் இல்ல, குழப்பிக்க வேணாம். "கத் ஹெமெரான்", நாளுக்கு நாள்னு அங்க தனியாவே இருக்கு, கூட வர்ற வினையும் "தந்துட்டே இரும்"ங்கற வடிவம். அதனாலதான் எபியூசியோஸுக்கும் "தினசரி"ன்னே போட்டா லூக்காவுல சொன்னதையே திரும்ப சொல்ற மாதிரி ஆயிடுது, இதுவும் நான் "அடுத்த நாள்" பக்கம் சாயறதுக்கு ஒரு காரணம்.

சோத்துக்கு அடுத்த வரியிலேயே மத்தேயு கடன்னு ஆரம்பிக்கிறாரு, லூக்கா அந்த எடத்துல பாவம்னு போட்டிருக்காரு. அது ஏன்னு அடுத்த கூட்டத்துல பாக்கலாம், வரும்போது ரெண்டு சுவிசேஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒருதரம் படிச்சுட்டு வாங்க.