மறுவெளியீடும் மூல நெகட்டிவும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

2025 டிசம்பர் 12ஆம் நாள் இரண்டு பழைய படங்கள் ஒரே நாளில் திரையரங்குகளுக்குத் திரும்பி வந்தன. ஒன்று, ரஜினிகாந்தின் 75ஆவது பிறந்த நாளையொட்டி வெளியான 'படையப்பா'. மற்றொன்று, ஐம்பதாண்டு நிறைந்த 'ஷோலே'. 2024 ஏப்ரலில் 'கில்லி'க்குத் திரண்ட கூட்டத்தைக் கண்ட நாள் முதல், அடுத்து எந்தப் படம் மறுவெளியீடு காணும் என்ற பேச்சு ஓயவில்லை. அந்த ஆவல் எனக்கும் உண்டு. ஆயினும், ஒவ்வோர் அறிவிப்பைக் கேட்கும்போதும் அந்தப் படத்தின் மூல நெகட்டிவ், அதாவது கேமராவில் முதலில் பதிவான அசல் சுருள், எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விதான் என் மனத்தில் முதலில் எழுகிறது.

'ஷோலே'யையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவே பார்த்த அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் வீணாகிப்போயிருந்தது. மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், இங்கிலாந்திலும் மும்பையிலும் கிடங்குகளில் கிடைத்த சுருள்களைக் கொண்டு அதனை மீட்டு, 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனா நகரில் திறந்தவெளியில் திரையிட்டது. நெருக்கடி நிலைக் காலத் தணிக்கையால் மாற்றப்பட்ட முடிவு, அதாவது கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைத் தாக்கூரே கொல்லும் காட்சி, அந்தப் பதிப்பில் திரும்ப வந்தது. யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்த காட்சி அது.

நம் பக்கம் அந்தக் கொடுப்பினை குறைவு. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான, நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படமும் இல்லை. ஆனால், தப்பிப் பிழைத்து 2012இல் மெருகேற்றப்பட்டு வந்த 'கர்ணன்' நூறு நாள் கடந்து ஓடியது. பழைய படத்துக்கு மக்கள் வரமாட்டார்கள் என்று சொல்வோருக்கு அதைவிட வேறு பதில் தேவையில்லை.

மிக நுட்பமான டிஜிட்டல் தரத்தைக் குறிக்கும் '4கே' என்பதைச் சுவரொட்டியில் அச்சிட்டுவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நெகட்டிவை ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்வது ஒரு வேலை. தொலைக்காட்சிக்காக என்றோ எடுத்த பிரதியைக் கணினியில் பெரிதாக்குவது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதில் படத்தின் இயல்பான துகள்கள் துடைக்கப்பட்டு, நடிகர்களின் முகம் மெழுகு பூசியதுபோல் வழவழக்கும். சேலையின் நெசவு தெரியாது. இனி வரும் மறுவெளியீடுகளில் எதிலிருந்து பிரதி எடுக்கப்பட்டது என்பதைத் தயாரிப்பாளர்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். வசூலில் ஒரு பங்கை, நட்சத்திரங்கள் இல்லாத கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்ய ஒதுக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன், காலமான தயாரிப்பாளர் ஒருவரின் வீட்டு மாடியறைக்குச் சென்றிருந்தேன். தகரக் கூரை, மே மாத வெயில். துருவேறிய எட்டு டப்பாக்கள் இருந்தன. முதல் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்ததும் சுருள் கெட்டுப்போனதைக் காட்டும் வினிகர் நெடி கண்ணில் எரிந்தது. உள்ளே சுருள் வெல்லப்பாகுபோல் ஒட்டி, வட்டமான கட்டியாக இறுகியிருந்தது. விரல் பட்ட ஓரம் பொடிந்து உதிர்ந்தது. "அப்பா இருந்தவரைக்கும் வாராவாரம் துடைச்சு வைப்பாருங்க" என்றார் மகன். எட்டில் மூன்றைத்தான் பிரித்துச் சுற்ற முடிந்தது. அந்த மூன்றும் இப்போது லேபில், குளிரூட்டிய அறையில், ஸ்கேன் செய்யப்படும் முறைக்காகக் காத்திருக்கின்றன.