பசுமை வளையத்தில் சோலார் பண்ணை: ஆட்சேபனைக் கடிதம் எங்கே கோட்டை விடுகிறது?

[காட்சி: வயலோர வேலிக்கம்பம். பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அறிவிப்புத் தாள்.]

குரல்: இங்கிலாந்தில் ஒரு கிராமம். வயலுக்குள் நுழையும் நடைபாதையில் இந்தத் தாள் தொங்குகிறது. உறைக்குள் மழைநீர் புகுந்து பாதி எழுத்து கரைந்துவிட்டது. மிச்சத்தைப் படித்தால் விஷயம் புரியும்: இந்த வயல்களில் 49.9 மெகாவாட் சோலார் பண்ணை வரப்போகிறது. கருத்துச் சொல்ல 21 நாள்.

அதென்ன 49.9? 50 மெகாவாட்டைத் தாண்டினால் முடிவு உள்ளூர் கவுன்சிலின் கையை விட்டு லண்டனில் இருக்கும் அமைச்சரிடம் போய்விடும். பல ஆண்டுகள் இதுதான் விதி. அதனால் வரம்புக்கு ஒரு முடி அகலம் கீழே நிற்கும் விண்ணப்பங்கள் நாடெங்கும் வந்தன. 2025 டிசம்பர் 31 முதல் அந்த வரம்பு 100.

[காட்சி: இங்கிலாந்து வரைபடம். நகரங்களைச் சுற்றிப் பச்சைப் பட்டைகள்.]

குரல்: இந்தப் பச்சைதான் கிரீன் பெல்ட், பசுமை வளையம். லண்டனுக்கு 1938-இல் தனிச் சட்டம் வந்தது. மற்ற நகரங்களும் வளையம் வகுக்கலாம் என்று 1955-இல் அரசு சுற்றறிக்கை அனுப்பியது. இன்று இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு இதற்குள் இருக்கிறது.

ஒரு தப்பெண்ணத்தை இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். அழகான நிலம், பறவைகள் வரும் நிலம் என்பதற்காக இதைப் பாதுகாக்கவில்லை. நகரம் கண்டபடி பரவக் கூடாது, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒட்டிக்கொள்ளக் கூடாது, கிராமப்புறத்தை ஆக்கிரமிக்கக் கூடாது, வரலாற்று நகரங்களின் சூழல் கெடக் கூடாது, நகருக்குள் பாழாய்க் கிடக்கும் இடத்தை முதலில் பயன்படுத்த வேண்டும். விதிப்புத்தகத்தில் இருப்பது இந்த ஐந்தும்தான்.

இப்போது ஊர்க்காரர்கள் எழுதும் ஆட்சேபனைக் கடிதத்துக்கு வருவோம். "என் வீட்டு விலை இறங்கிவிடும்", "என் ஜன்னல் காட்சி போய்விடும்." இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கவுன்சிலின் திட்டமிடல் அதிகாரி அவற்றைக் கணக்கில் எடுக்க மாட்டார். "சோலாரே ஏமாற்று வேலை" என்று எழுதினால் இன்னும் மோசம். 2030-க்குள் 45 முதல் 47 கிகாவாட் சோலார் வேண்டும் என்பது அரசின் திட்டம். அந்தச் சுவரில் முட்டினால் வலி நமக்குத்தான்.

[காட்சி: பச்சைப் பட்டையின் சில துண்டுகள் சாம்பல் நிறமாகின்றன.]

குரல்: 2024 டிசம்பரில் "கிரே பெல்ட்" என்று ஒரு புது வகை விதிக்குள் வந்தது. பசுமை வளையத்துக்குள்ளேயே இருந்தாலும், கட்ட அனுமதி கிடைப்பது சற்று எளிதாகும் நிலம் இது. பெயரைக் கேட்டால் பழைய பெட்ரோல் பங்க், இடிந்த கார் ஷெட் எல்லாம் கண்முன் வரும். உண்மையில் வெறும் புல்வெளியும் கிரே பெல்ட் ஆகலாம். அதற்குப் பார்ப்பது அந்த ஐந்து நோக்கங்களில் மூன்றை மட்டும்: பெருநகரம் பரவுவது, நகரங்கள் ஒட்டிக்கொள்வது, வரலாற்று நகரின் சூழல். கிராமப்புற ஆக்கிரமிப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை! "எங்கள் கிராமப்புறம் போகிறதே" என்று நான்கு பக்கம் எழுதுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இந்த வயல் எந்த நகரத்தை எந்த நகரத்திலிருந்து பிரித்து வைக்கிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றி முன்மொழியப்பட்ட பாட்லி வெஸ்ட் திட்டத்தைப் பாருங்கள். 840 மெகாவாட், 3,000 ஏக்கருக்கு மேல், பெரும்பகுதி பசுமை வளையத்தில். பக்கத்திலேயே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பிளென்ஹீம் அரண்மனை. அங்கே வரலாறு என்று வாதாட இடம் உண்டு. எல்லா ஊருக்கும் அப்படி ஓர் அரண்மனை வாய்க்குமா?

சரி, நிலம் கிரே பெல்ட் இல்லை என்று ஆகிவிட்டது. அப்போது பண்ணை "பொருந்தாத கட்டுமானம்" என்ற வகையில் விழும். "மிகச் சிறப்பான சூழ்நிலை" இருக்கிறது என்று விண்ணப்பித்த சோலார் நிறுவனம்தான் காட்டியாக வேண்டும். பசுமை மின்சாரத்தின் நன்மையையே அது காரணமாகச் சொல்லும். விதியும் அதை அனுமதிக்கிறது. தராசின் இந்தத் தட்டில் நாம் வைக்க வேண்டியது நிலத்தின் திறந்தவெளித் தன்மை.

நிறுவனம் சொல்லும் பதில்கள் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான். உயிர்வேலியை உயரமாக வளர்த்துப் பேனல்களை மறைத்துவிடுவோம். நடுவில் ஆடு மேயும். 40 வருடத்தில் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவோம். இந்த மூன்றாவதை லேசாக விடாதீர்கள், பாதிப்பு எத்தனை காலம், நிலம் பழையபடி ஆகுமா என்பதையும் அதிகாரி பார்ப்பார். ஆனால் இன்று ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்போது 45 வயது.

உயிர்வேலியால் மறைப்போம் என்ற முதல் பதிலை மறுக்க நீதிமன்றத் தீர்ப்பிலேயே பிடி இருக்கிறது. வடக்கு யார்க்‌ஷயர் கல்குவாரி வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், திறந்தவெளி என்பது நகரப் பரவலுக்கு எதிர்ப்பதம், வெறும் கண்ணழகு பற்றியது அல்ல என்ற பொருளில் விளக்கியது. வேலிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும் பேனல், இன்வெர்ட்டர் பெட்டி, இரண்டு மீட்டர் கம்பிவேலி, கேமரா கம்பம் எல்லாம் அங்கே இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும்.

விளைநிலத்தின் தரம் 1, 2, 3ஏ, அதாவது மிக நல்ல விளைநிலம் என்றால் அதையும் ஒரு பத்தியில் சொல்லுங்கள், போதும்.

[காட்சி: ஒரே நடைபாதை, இரண்டு புகைப்படங்கள்.]

குரல்: கடைசியாக, படங்கள். விண்ணப்பத்தோடு வரும் மாதிரிப் படத்தில் உயிர்வேலி ஜூன் மாதப் பச்சையில் அடர்ந்து நிற்கிறதா, பாருங்கள். இந்த உயிர்வேலிகளில் வளர்க்கும் ஹாதார்ன் என்ற முட்செடி ஜனவரியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். அதே இடத்தில், அதே கோணத்தில், ஜனவரியில் நீங்கள் ஒரு படம் எடுங்கள். பின்னால் இருக்கும் வயல் முழுவதும் தெரியும். அதைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.