அம்மி எந்தப் பக்கம் நகரும்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆபத்து நேரத்தில் விசாரணைக் கைதியை அடிப்பதில் தப்பில்லை என்று வாதாடிய எதிரணித் தலைவர், இந்த மேடையில் ஒரு வெடிகுண்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குண்டு இருக்கும் இடம் தெரிந்தவன் நம் பிடியில் இருக்கிறான், ஒரு மணி நேரத்தில் வெடிக்கப்போகிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நல்ல கைதட்டல். போகிற போக்கில், அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றார்.

நகரும் ஐயா. எந்தப் பக்கம் நகரும்? அடிக்கிறவர் தள்ளுகிற பக்கம்தானே!

அல்-லிபி என்றொரு கைதி. 2001 கடைசியில் பிடிபட்டார். அமெரிக்கா அவரை எகிப்திடம் ஒப்படைத்தது. ஈராக்குக்கும் அல்-கொய்தாவுக்கும் என்ன தொடர்பு என்று அங்கே கேட்டார்கள். அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமுள்ள பெட்டிக்குள் சுமார் 17 மணி நேரம் அடைத்து வைத்தார்கள், அப்புறம் வெளியே எடுத்துக் குத்தினார்கள் என்று பின்னால் அவரே சொன்னார். அவருக்கு அந்த விஷயமே தெரியாது. கதை கட்டக்கூட சிரமப்பட்டாராம். ஆனாலும் கட்டினார்: அல்-கொய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது ஈராக்தான் என்றார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஐ.நா. பாதுகாப்பு அவையில் அதை ஆதாரமாக வைத்தார். மார்ச்சில் ஈராக் மேல் போர். 2004 ஜனவரியில் அல்-லிபி, நான் சொன்னது பொய் என்றார். அம்மி நகர்ந்தது, நடுவர் அவர்களே. கூடவே படைகளும் நகர்ந்துவிட்டன.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் ஜெர்மனி வழக்கைச் சொன்னார். 2002இல் 11 வயதுச் சிறுவனைக் கடத்தியவன் வாய் திறக்கவில்லை. பிராங்பேர்ட் காவல்துறைத் துணைத் தலைவரின் உத்தரவுப்படி, தாங்க முடியாத வலி கொடுப்போம் என்று மிரட்டினார்கள். சில நிமிடங்களில் இடத்தைச் சொல்லிவிட்டான். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: சிறுவன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான். அந்த அதிகாரி மேல் எனக்கு ஒரு மரியாதையும் உண்டு. தன் உத்தரவைத் தானே கோப்பில் எழுதி வைத்தார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, தண்டனை மட்டும் மிக லேசு. மனசு கேட்காமல் சட்டத்தை மீறி, கூண்டில் ஏறிப் பதில் சொல்வது வேறு. மீறலையே சட்டமாக்கு என்று இங்கே கேட்பது வேறு. சித்திரவதைக்கு எதிரான 1984இன் ஐ.நா. உடன்படிக்கை போரையும் போர் அபாயத்தையும் பெயர் சொல்லியே, அதுவும் சித்திரவதைக்குச் சாக்கு ஆகாது என்கிறது.

சரி, அடிக்காமல் எப்படிப் பேசவைப்பது? இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படையின் விசாரணையாளர் ஹான்ஸ் ஷார்ஃப், பிடிபட்ட அமெரிக்க விமானிகளைக் காட்டுப் பாதையில் நடக்க அழைத்துப் போவார். எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுவார். ஒருமுறை, பாயும் தடத்தைக் காட்டும் உங்கள் தோட்டாக்கள் சிவப்புக்குப் பதில் வெள்ளைப் புகை விடுகின்றனவே, ரசாயனத் தட்டுப்பாடோ என்றார். "தட்டுப்பாடா? தோட்டா தீரப்போகிறது என்று விமானிக்குத் தெரிவதற்காக" என்று திருத்தினார் கைதி. ரகசியம் கைமாறியது அவருக்கே தெரியாது! போருக்குப் பின் ஷார்ஃப் அமெரிக்காவிலேயே குடியேறி மொசைக் ஓவியரானார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். எதிரணித் தலைவரின் குண்டு இன்னும் இங்கேயேதான் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் உயிர் போகாமல், உண்மை மட்டும் வரும்படி அடிக்க ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டுமே. அந்தக் கை எத்தனை வருடமாக, யார் யார் முதுகில் பழகியது? அடுத்துப் பேச வருகிற நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.