கொடிக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு என்ன சொல்லப் போகிறோம்?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இடம் போதாமல் சுவரோரம் நிற்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 வந்தால் நம் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனி விலகாத காலையில், ஸ்வெட்டருக்குள் கையை ஒடுக்கிக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், கொடி ஏறும், கீதம் பாடுவார்கள், அதிபர் பேசுவார், அவ்வளவுதான். தோட்டத்தில் அம்மா விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறுவதுபோல, பிள்ளையும் நின்று பாடிவிட்டு வகுப்புக்குப் போகிறது. எதற்காக நின்றோம், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் பேசுவதில்லை. நான் இன்று பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். கொடியையும் கீதத்தையும் மதிக்கும்படி ஒரு பிள்ளையிடம் நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதன் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அந்தக் கதையில் நம்முடைய ஆட்கள், இந்த மலையகத் தோட்டத் தமிழர்கள், எங்கே வருகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கொடியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதன் ஊர் இந்த மலைநாடுதான். சிங்கக்கொடி கண்டி இராச்சியத்தின் கொடி. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு அந்த இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட, தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சத்தவன். பிடித்துக்கொண்டு போய் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், அங்கேயே 1832இல் இறந்தான். 1948 ஜனவரியில் இந்தச் சிங்கக்கொடியையே சுதந்திர நாட்டின் கொடியாக ஏற்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த முஸ்லிம் உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. இதையெல்லாம் கேட்கும் பிள்ளைக்கு ஒன்று விளங்கும்: இந்தக் கொடி ஒரே இனத்தின் வீட்டுக்குள் மட்டும் வளர்ந்த கொடியில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்றால், சிங்கம் மட்டும் போதாது, சிறுபான்மையினருக்கும் இடம் வேண்டும் என்று கேள்வி எழுந்தது, ஒரு குழு போட்டார்கள். தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அதில் இருந்தார், செனட்டர் எஸ். நடேசன் இருந்தார். முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழர்களுக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு பட்டைகள் சேர்க்கலாம் என்று குழு சொன்னபோது நடேசன் அதை ஏற்க மறுத்துத் தனியாக ஒரு மறுப்புக் குறிப்பு எழுதினார். அதனால் யாரும் அவரைத் தேசத் துரோகி என்று சிறையில் போடவில்லை. 1950களின் தொடக்கத்தில் பட்டைகள் சேர்ந்தன. 1972இல் குடியரசானபோது நான்கு மூலைகளிலும் அரசமர இலைகள் வந்தன. ஆக நம் கொடி பேசிப் பேசி, வாதாடி, திருத்தித் திருத்தி உண்டான கொடி. அதைப் பற்றி ஒரு மாணவன் எழுந்து கேள்வி கேட்டால் 'வாயை மூடு' என்று உட்கார வைக்க ஒரு ஆசிரியருக்கும் உரிமை கிடையாது. பாராளுமன்றத்தில் கேட்ட கேள்வியைத்தானே அவன் கேட்கிறான்?

கீதமும் அப்படித்தான். ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் எழுதி இசையமைத்தது, 1951இல் தேசிய கீதமானது. பண்டிதர் மு. நல்லதம்பி அதே மெட்டுக்குத் தமிழில் தந்தார். 1961இல் சமரக்கோனின் சம்மதம் இல்லாமலே முதலடியை மாற்றினார்கள், அந்த மனிதர் மனம் உடைந்துபோனார், அடுத்த வருடமே இறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். ஒரு கவிஞனின் மனவேதனையும் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் இன்னும் ஒழுங்காகத்தான் பாடுவார்கள்.

தமிழ்ப் பாட்டின் கடைசிப் பகுதியை எத்தனை பேர் வகுப்பில் பொருள் சொல்லிக் கற்பிக்கிறோம்? நாம் எல்லோரும் கருணையுள்ள ஒரு தாய் பெற்ற பிள்ளைகள், நமக்குள் இருக்கும் பிளவுகளை இழிவென்று நீக்குவோம் என்கிறது அது. தூய இலக்கியத் தமிழ், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தானாக விளங்காது. மெட்டோடு மனப்பாடம் செய்யவைத்து விட்டுவிட்டால், பாதிச் சொற்கள் வாயில் வேறு மாதிரி உருண்டு வெளியே வரும். பிழை பிள்ளையுடையது இல்லை. சொல்லிக் கொடுக்காத நம்முடையது.

இப்போது கொஞ்சம் கனமான இடத்துக்கு வருகிறேன். 1948 பெப்ரவரி 4ஆம் திகதி கொழும்பில் கொடி ஏறியது. 1947 தேர்தலில் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த சனம் நாம். அதே 1948 நவம்பர் 15ஆம் திகதி பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்தேன் என்று சொன்னால் போதாது, அப்பாவும் இங்கே பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது சட்டம். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. கொடி ஏறிய ஒன்பதாவது மாதத்தில் அந்தக் கொடியின் கீழ் நமக்கு இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். இதைச் சொல்லாமல் பெப்ரவரி 4 பற்றி நம் பிள்ளைகளிடம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களான நம் சனம் 9,75,000 பேரை வைத்துக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். உங்களில் எத்தனை வீட்டில் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது, நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போனது? அந்தப் பக்கம் போன பிள்ளைகள் வேறொரு உறுதிமொழி சொன்னார்கள். இந்தியா என் நாடு, இந்தியர் எல்லோரும் என் உடன்பிறந்தவர்கள் என்று தொடங்கும் உறுதிமொழி, பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்ற அரசு அலுவலர் 1962இல் தெலுங்கில் எழுதியது, 1965 ஜனவரி 26 முதல் பாடசாலைகளுக்கு வந்தது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் தம்பி பிள்ளைகள், ஒருவர் கோத்தகிரியில் கையை நீட்டி அதைச் சொல்ல, இன்னொருவர் பொகவந்தலாவையில் நின்று இதைப் பாட, இரண்டு பேரும் உண்மையாகத்தான் பாடினார்கள். எந்தப் பிள்ளையின் பற்றையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களைக் கேட்காமல் அவர்களின் நாட்டைத் தீர்மானித்தவர்களைத்தான் கேட்கிறேன்.

இங்கே தங்கியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் என்று வந்துதான் நாடற்றவர் என்ற பெயர் தீர்ந்தது. 55 வருடம்! அதற்குள் எத்தனை ஆயிரம் காலைக் கூட்டங்களில், பிரஜாவுரிமையே இல்லாத பிள்ளைகள் நிமிர்ந்து நின்று தாயே என்று பாடியிருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். அவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். உறுதிமொழி என்றால் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும், அரசு தன் பக்கத்தைக் கொடுக்க 55 வருடம் எடுத்தது. காணியுறுதி, சொந்தமாக ஒரு முகவரி, இவையெல்லாம் இன்னும் பலருக்குப் பாக்கி இருக்கிறது.

சரி, பாடமாட்டேன் என்று ஒரு பிள்ளை நின்றால் என்ன செய்வது? உலகத்தில் வேறு இடங்களிலும் இது வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1943இல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, கொடி வணக்கம் செய்யும்படி பாடசாலைப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முன்பு அவர்கள் கையை முன்னால் நீட்டித்தான் கொடிக்கு வணக்கம் சொன்னார்கள், அது நாஜிகளின் வணக்கம்போல இருக்கிறது என்று 1942இல் நெஞ்சில் கை வைக்கும் முறைக்கு மாறினார்கள். கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கையால் பாடவில்லை. பாடசாலையை விட்டு நீக்கினார்கள். 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம், எழுந்து நின்றதே மரியாதை, திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். வற்புறுத்தி வாங்கும் பற்றில் என்ன இருக்கிறது? தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்த நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டிய ஊர் இது. யாரும் அடித்துப் பாடவைக்கவில்லை, தங்களைப் பற்றிய பாட்டு என்று தெரிந்ததால் சனம் காதுகொடுத்தது.

ஆகவே ஆசிரியர்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கொடியின் ஒவ்வொரு நிறமும் எப்படி வந்தது என்று சொல்லுங்கள், கீதத்தை வரிவரியாகப் பொருள் பிரியுங்கள், 1948, 1964, 1988, 2003 நான்கையும் கரும்பலகையில் எழுதுங்கள். வீட்டில் பாட்டியிடம் பழைய பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். கூட்டத்தில் குளிருக்கு நடுங்கிய பிள்ளையையும், பசியில் தலைசுற்றி உட்கார்ந்த பிள்ளையையும் கொடிக்கு மரியாதை இல்லை என்று ஏசாதீர்கள். ஜனவரி முதலாம் திகதி நீங்களும் அரச சேவை உறுதியுரை எடுக்கிறீர்கள், அதையும் ஒருமுறை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், சேர்மாரும் டீச்சர்மாரும் எங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

கடைசியாக, தமிழில் பாடுவது பற்றி இன்னும் சிலருக்கு ஒரு பயம் இருக்கிறது. பயத்துக்குக் காரணம் உண்டு. 2010 டிசம்பரில் தமிழ்க் கீதத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்து பெரிய சர்ச்சையானது. 2015 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி தடை எதுவும் இல்லை என்றார், 2016 சுதந்திர தின விழாவில் கொழும்பு காலிமுகத்திடலில் தமிழிலும் பாடினார்கள், 2020 தேசிய விழாவில் மறுபடியும் சிங்களத்தில் மட்டும். மேடைக்கு மேடை இப்படி மாறுவதைப் பார்த்து நீங்கள் தடுமாற வேண்டாம். தேசிய கீதம் அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரையில் இருக்கிறது, சொற்களும் இசையும் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அந்த அட்டவணையில் அச்சாகியிருப்பது தமிழ்க் கீதம். அந்தப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்து அதிபர் அறையில் ஒட்டிவையுங்கள், யாராவது வந்து கேட்டால் விரலை வைத்துக் காட்டுங்கள்.