இலை மஞ்சளானால் முதலில் எங்கே பார்ப்பது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?” என்பதுதான். நான் உடனே உரத்தின் பெயரைச் சொல்வதில்லை. எந்த இலை என்று திருப்பிக் கேட்பேன். அடியில் இருக்கும் முற்றிய இலையா, நுனியில் இருக்கும் கொழுந்தா? பெரும்பாலும் சட்டென்று பதில் வராது. மஞ்சள் நிறம் கண்ணில் பட்டிருக்கும், அது தொடங்கிய இடம் பட்டிருக்காது. கோளாறு என்ன என்பதற்குப் பாதி விடை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். ஒரு செடி வாழ 17 தனிமங்கள் வேண்டும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கிடைத்துவிடும். மீதி 14 மண்ணிலிருந்து வேர் வழியாக வர வேண்டும். இந்த 14இல் சில சத்துகள் செடிக்குள் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குப் போகும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் எல்லாம் இந்த வகை. வேரிலிருந்து வரவு குறைந்தால், செடி தன் பழைய இலைகளில் இருப்பதை உருவி எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் பற்றாக்குறை முதலில் அடி இலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), போரான் போன்றவை அப்படி இல்லை. ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்தால் கிட்டத்தட்ட அங்கேயே தங்கிவிடும். வரவு நின்றால் பழைய இலை பச்சையாகவே இருக்கும். அதன்பின் வருகிற கொழுந்துதான் வெளுத்தோ சுருங்கியோ வெளிவரும்.

ஆக, முதல் வேலை செடியைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பது. உரப் பையைத் தேடுவதெல்லாம் அப்புறம்.

அடி இலையிலிருந்து ஆரம்பிப்போம். இலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே சீராக வெளிறிக்கொண்டே வந்தால் தழைச்சத்துக் குறைவு. செடி மொத்தமும் சோகையாக, தண்டு மெலிந்து நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம், சரிசெய்வதும் சுலபம். ஆனால் ஒன்று: அடர்ந்த செடியில் வெயிலே படாத அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது இயல்பு. அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை.

இலையின் ஓரம் மட்டும் காய்ந்து, நெருப்பில் காட்டியது போலப் பழுப்பாகி, நடுப்பகுதி பச்சையாகவே இருந்தால் சாம்பல் சத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் உரம் அதிகமாகி மண்ணில் உப்பு சேர்ந்தாலும் நுனியும் ஓரமும்தான் கருகும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? தொட்டியின் விளிம்பையும் அடித் துளையையும் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், இலை கேட்பது உரம் இல்லை. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழிந்தோட விட வேண்டும். சாம்பல் சத்துக் குறைவு என்று நினைத்து இந்தச் செடிக்கு மேலும் உரம் கொடுத்தால், எரிந்த இலை இன்னும் எரியும்.

மெக்னீசியம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். இலையின் பச்சையத்தில், ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. வரவு குறைந்தால் செடி முற்றிய இலையின் பச்சையத்தைக் கலைத்து அந்த மெக்னீசியத்தை எடுத்துக்கொள்கிறது. நரம்புக்கு அருகில் பச்சை கடைசிவரை தங்கும். இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். தக்காளிச் செடியின் அடி இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: நடு நரம்பும் கிளை நரம்புகளும் பச்சையாக, மீன் முள் போலத் தெளிவாகத் தெரியும், நடுவே எல்லாம் மஞ்சள். இதற்கு எப்சம் உப்பை, அதாவது மெக்னீசியம் சல்பேட்டை, தண்ணீரில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிக்கலாம். ஆனால் மண்ணில் மெக்னீசியம் இருந்தும் கிடைக்காமல் போவதுண்டு. சாம்பல் சத்தை அள்ளிக் கொட்டினால், வேரின் வாசலில் அது மெக்னீசியத்தை முந்திக்கொள்ளும். தேங்காய் நார்க்கழிவில் வளரும் செடிகளில் இது அடிக்கடி நடக்கிறது. சரியாகக் கழுவிப் பதப்படுத்தாத நார்க்கழிவு இயல்பிலேயே பொட்டாசியமும் சோடியமும் நிறைந்தது. நாம் கொடுக்கிற சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். செடியின் பங்கு குறைந்துவிடும்.

இப்போது நுனிக்கு வருவோம். அடி இலை நல்ல கரும்பச்சை, கொழுந்து மட்டும் எலுமிச்சை மஞ்சள், அதில் மெல்லிய பச்சைக் கோடுகளாக நரம்புகள். இது இரும்புச் சத்து எட்டாத செடி. மெக்னீசியத்தில் பார்த்த அதே கோலம்தான், ஆனால் செடியின் எதிர் முனையில். இடத்தைப் பார்க்காமல் கோலத்தை மட்டும் பார்த்தால், எப்சம் உப்பைத் தெளித்துவிட்டு ஏன் கேட்கவில்லை என்று விழிக்க வேண்டியதுதான்.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. செடிக்குக் கிடைக்கும் வடிவில் அது இல்லை, அவ்வளவுதான். மண்ணின் கார அமில நிலை (pH) ஓர் அலகு ஏறினால், கரைந்த நிலையில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடினமான, சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரைத் தினமும் ஊற்றினால் தொட்டி மண் மெல்ல மெல்லக் காரமாகிறது. ஆரம்பத்தில் 6.5இல் இருந்த மண், சில மாதங்களில் 7.5ஐத் தாண்டிவிடலாம். அப்போது எவ்வளவு தொழு உரம் போட்டாலும் கொழுந்து வெளுத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்கு 6 முதல் 7 வரைதான் வசதியான எல்லை. சோதிக்கும் தாள் வாங்கி, மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு முறை பார்ப்பது, நான்கு உரம் வாங்குவதைவிட மேல்.

இரும்புதானா என்று உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1840களிலேயே பிரான்சில் யூஜேப் கிரி என்பவர் வெளுத்த இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி, அவை பச்சையாவதைக் காட்டினார். நாமும் அதையே செய்யலாம். அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் கரைத்து, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து, வெளுத்த கொழுந்திலையின் ஒரு பாதியில் மட்டும் பஞ்சால் தடவுங்கள். மறுபாதியைத் தொடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் தடவிய பக்கம் பச்சைப் பொட்டுகள் விழத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். எதுவும் மாறவில்லை என்றால் மாங்கனீசு, துத்தநாகம் பக்கம் போக வேண்டும். ஒரே இலையில் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதே, அதனால் எனக்கு இந்தச் சோதனைமேல் தனிப் பிரியம்.

சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு மட்டும்தான் மேலே ஏறும். அது எட்டாதபோது கொழுந்து கோணலாகி நுனி கருகும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகும். பல சமயம் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும், தண்ணீர்தான் ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று தாறுமாறாகப் போயிருக்கும்.

தண்ணீர் என்று வந்ததால் சொல்கிறேன், வீட்டுத் தொட்டிகளில் நான் பார்க்கிற இலைக் கோளாறுகளில் அதிகமானவை சத்துக் குறைவே இல்லை. வேருக்கு மூச்சு முட்டுவதுதான். வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால், அதன் வழியே ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் காற்றில் ஊடுருவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. மூச்சில்லாத வேர் தண்ணீரையும் எடுக்காது, சத்தையும் எடுக்காது. இலை துவண்டு தொங்கும், மஞ்சளாகும். வாடியிருக்கிறதே என்று நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். நிறையச் செடிகள் இப்படித்தான் சாகின்றன.

கண்டுபிடிக்க வழி உண்டு. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். செடி வாடியிருந்தும் மண் சில்லென்று ஈரமாக இருந்தால், கேட்பது தண்ணீர் அல்ல. தொட்டியைச் சாய்த்து அடித் துளையை முகர்ந்து பாருங்கள். நல்ல மண்வாசம் வர வேண்டும், அழுகல் வாடை வரக் கூடாது. இன்னும் சந்தேகம் என்றால் ஓரத்தில் ஒரு வேரை எடுத்து இரு விரலால் மெல்ல இழுங்கள். ஆரோக்கியமான வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரில் பழுப்புத் தோல் அப்படியே உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும், நடுவில் மெல்லிய நூல் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்தபிறகு உரப் பேச்சே எடுக்கக் கூடாது. தண்ணீரை நிறுத்தி, மண்ணை இளக்கமாக்கி, வேர் மீளக் காத்திருக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நீர் ஜல்லிக்கு மேலே மண்ணிலேயே தேங்கி நிற்கும், வேருக்கு இன்னும் நெருக்கத்தில். முழு உயரமும் ஒரே இளக்கமான மண் கலவையாக இருப்பதே நல்லது.

கடும் வெயிலில் மதியம் வாடி மாலையில் நிமிர்ந்துவிடும் இலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

அடுத்தது பூச்சி. சத்துக் குறைவு ஓர் ஒழுங்கோடு வரும். இலையின் இடது பாதியும் வலது பாதியும் ஒன்று போல இருக்கும். பூச்சியும் நோயும் அப்படி இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். கோலம் ஒழுங்கில்லாமல் இருந்தால் உடனே இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மேல்பக்கத்தில் ஊசியால் குத்தியது போல நுண்ணிய வெளிர்ப் புள்ளிகள் நிறைந்திருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி ஊர்ந்தால் அது சிலந்திப்பேன். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். எட்டுக் கால் உள்ள இது பூச்சி இனமே அல்ல. அதனால் சாதாரணப் பூச்சிமருந்து பலவும் இதைக் கொல்லாது, இதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று நிலைமையை மோசமாக்கும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் முட்டை முதிர்ந்த பேனாகிவிடும். அதனால் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை நாலைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே நாள் கழுவிவிட்டு ஓய்ந்தால் பயனில்லை.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால், எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போல மடங்கி, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது இது, நல்ல உருப்பெருக்கி வேண்டும். இதற்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், கேட்கும். ஆனால் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளிலும், எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகும் முன்பும் கந்தகம் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

கரும்பச்சையும் வெளிர்ப்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, நரம்பை மதிக்காமல் பரவி, இலையும் மேடு பள்ளமாக நெளிந்தால் அது தேமல், அதாவது வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு அப்புறப்படுத்தி, அடுத்த செடியைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகையிலையைத் தொட்ட கையிலிருந்துகூட ஒரு வகைத் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் போகும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். உரம், மருந்து, தண்ணீர் அளவு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. மாற்றம் செய்த அன்று நுனியில் உள்ள கடைசி இலைக் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். பத்து நாள் கழித்து நூலுக்கு மேலே விரிந்த இலைகளை மட்டும் பாருங்கள். மஞ்சளாகிப்போன அடி இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதை அவசரப்பட்டுப் பறிக்கவும் வேண்டாம். அதில் மிச்சம் இருப்பதைச் செடி இன்னும் மேலே ஏற்றிக்கொண்டுதான் இருக்கும், முழுதும் காய்ந்து தானே கழன்று வரட்டும். பூஞ்சையோ புள்ளி நோயோ பிடித்த இலை மட்டும் விதிவிலக்கு. அதைப் பார்த்த அன்றே கத்தரித்து, தொட்டியில் போடாமல் தள்ளிக் கொண்டுபோய் அகற்றிவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.