இத்தாலியக் கடையில் எப்படிப் பேசுவது?

(காட்சி: ரோம் நகரின் தெஸ்தாச்சோ சந்தை. பாலாடைக்கட்டி விற்கும் கடை.)

இத்தாலியில் கடைக்குள் நுழைந்ததும் பொருளைப் பார்க்காதீர்கள். ஆளைப் பார்த்து 'புவோன்ஜோர்னோ' என்று சொல்லுங்கள். பகல் முழுவதற்கும் இதுதான் வணக்கம். பொழுது சாயச் சாய அது 'புவோனஸேரா' ஆகிவிடும். 'ச்சாவ்' மட்டும் வேண்டாம். அது 'நீ' என்று அழைக்கும் உரிமை உள்ளவர்களுக்கானது. முன்பின் தெரியாத கடைக்காரரோடு 'நீங்கள்' உறவுதான். வணக்கம் சொல்லாமல் நேரே விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாகவே நினைப்பார்கள்.

உங்கள் முறை வந்ததும் கடைக்காரர் 'தீக்கா' என்பார். 'சொல்லுங்கள்' என்று பொருள். நம் ஊர் மளிகைக் கடையில் கேட்கும் அதே சொல், அதே தொனி! சும்மா பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால், 'ஸ்தோ ஸோலோ க்வர்தாந்தோ, க்ராட்சியே'. பார்த்துக்கொண்டிருக்கிறேன், நன்றி. அதன் பிறகு யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

வாங்குவதென்றால் 'வொர்ரெய்' என்று தொடங்குங்கள். அகராதியில் 'வேண்டும்' என்பதற்கு 'வோல்யோ' என்று இருக்கும். கடையில் அது அதட்டுவது போல ஒலிக்கும். 'வொர்ரெய்' என்றால் 'கொடுத்தால் நன்றாக இருக்கும்' என்கிற பணிவு வந்துவிடுகிறது.

(காட்சி: விலைச்சீட்டு, மிக அருகில்.)

இப்போது 'எத்தோ'. இந்த ஒரு சொல்லுக்காகவே இந்த வீடியோவைச் செய்ய ஆசைப்பட்டேன். ஓர் எத்தோ என்றால் 100 கிராம். பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், மெல்லியதாகச் சீவிய இறைச்சி எல்லாவற்றையும் எத்தோ கணக்கில்தான் கேட்பார்கள். சீட்டில் 2,80 என்று போட்டிருக்கும். பரவாயில்லையே என்று நினைப்போம். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எத்தோ' என்று இருந்தால் அது 100 கிராமின் விலை. கிலோ 28 யூரோ! எண்ணுக்கு நடுவே இருக்கும் காற்புள்ளி நம் தசமப் புள்ளிதான்.

200 கிராம் பெக்கொரீனோ, அதாவது செம்மறியாட்டுப் பாலில் செய்த கட்டி, வேண்டுமா? 'வொர்ரெய் தூவே எத்தி தி பெக்கொரீனோ.' கடைக்காரர் கட்டியின் மேல் கத்தியை வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார். 'கொஸீ?' இவ்வளவா? கத்தி இறங்கும் முன் வாய் திறந்துவிடுங்கள். கொஞ்சம் குறைவாக என்றால் 'உன் போ தி மேனோ'. கொஞ்சம் கூடுதலாக என்றால் 'உன் போ தி ப்யூ'. கத்தி ஒரு விரற்கடை நகரும். சரி என்றால் 'வா பேனே'.

வெட்டிக் காகிதத்தில் சுற்றியதும் 'ஆல்த்ரோ?' என்று கேட்பார். வேறு ஏதாவது? 'பாஸ்தா கொஸீ, க்ராட்சியே'. போதும், நன்றி. ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால் 'ஸொத்தோவுவோத்தோ' என்று கேட்டுப் பாருங்கள்; காற்றை உறிஞ்சிவிட்டு உறையில் அடைத்துத் தருகிற கடைகள் உண்டு.

பழக்கடையில் ஒன்றை நினைவில் வையுங்கள். தக்காளியை நீங்களே அழுத்திப் பார்த்து எடுக்கக் கூடாது. விரலால் காட்டினால் கடைக்காரர் எடுத்துத் தருவார். சூப்பர் மார்க்கெட்டில் நீங்களே எடுக்கலாம், ஆனால் அங்கே வைத்திருக்கும் பிளாஸ்டிக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான்.

துணிக்கடையில் 'போஸ்ஸோ ப்ரொவார்லோ?' போதும். போட்டுப் பார்க்கலாமா? துணியின் அளவு 'தால்யா', செருப்பின் அளவு 'நூமெரோ'.

பணம் கட்டும் இடம் 'காஸ்ஸா'. அழுத்தம் குறைந்து 'காஸா' ஆனால் வீடு என்று பொருள் மாறிவிடும். இத்தாலியத்தில் இரட்டித்து வரும் மெய்யெழுத்தை இரட்டித்தே ஒலிக்க வேண்டும். இதில் தமிழர்களுக்குப் பயமே வேண்டாம். கனம் வேறு, கன்னம் வேறு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த காது நம்முடையது. 'எத்தோ', 'காஸ்ஸா' எல்லாம் இயல்பாகவே வரும். தயங்காமல் அழுத்திச் சொல்லுங்கள்.

விலை கேட்க 'க்வாந்தோ வியேனே?' பை வேண்டுமென்றால் 'ஸக்கெத்தோ'. அதற்குத் தனிக் காசு. ரசீது 'ஸ்கொந்த்ரீனோ'. துணியை மாற்ற வேண்டி வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள்.

ஒன்றும் வாங்காமல் வெளியேறினாலும் வாசலில் திரும்பி, 'க்ராட்சியே, அர்ரிவெதேர்ச்சி'. உள்ளே இருந்து அதே சொல் உங்களுக்குத் திரும்பி வரும்.